கார்மேகத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு: சாஃப்ட் ஜிஎன்டி ஃபில்டர், ஓராண்டு அனுபவம்

வானம் கறுத்துக்கொண்டு வரும்போது பலரும் கேமராவைப் பைக்குள் வைப்பார்கள். எனக்கு அப்போதுதான் அதை வெளியே எடுக்கத் தோன்றும். நீல வானம் எல்லா நாளும் ஒன்றுபோலவே இருக்கிறது, கார்மேகமோ ஒரு நாள் திரண்டதுபோல் மறுநாள் திரள்வதில்லை. ஆனால் அதைக் கண்டபடி படத்தில் கொண்டுவருவது எளிதன்று. தரைக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வைத்தால் மேகங்களுக்கிடையே கசியும் வெளிச்சம் வெளுத்துப்போகிறது. வானத்துக்கு வைத்தால் வயலும் மலையடிவாரமும் இருண்டுவிடுகின்றன. இதற்காகத்தான் 100 மி.மீ. அகலமும் 150 மி.மீ. நீளமும் கொண்ட, 0.9 அடர்த்தியுள்ள சாஃப்ட் ஜிஎன்டி (கிராஜுவேட்டட் நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டரை, அதை லென்ஸுக்கு முன்னால் பிடித்துவைக்கும் ஹோல்டருடன் வாங்கினேன். மேல்பாதியில் கருமையாகவும், நடுவில் மெல்ல வெளிறி, கீழ்ப்பாதியில் முழுத் தெளிவாகவும் இருக்கும் இந்தக் கண்ணாடி, வானத்திலிருந்து வரும் ஒளியை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைக்கிறது.

முதலில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு எடுத்துச் சென்றேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ட்ரைபாடை நிறுத்தியவர்கள் நன்றாகவே அறிவார்கள். கால்களை அகல விரித்து, நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்ட பிறகே கேமரா அசையாமல் நின்றது. வெவ்வேறு எக்ஸ்போஷரில் மூன்று படங்கள் எடுத்துக் கணினியில் இணைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்த இடமே பதில். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இறக்கைகள் சுழன்றுவிடுகின்றன, மேகம் நகர்ந்துவிடுகிறது. இணைத்த படத்தில் ஒரே இறக்கை இரண்டாகத் தெரிகிறது. ஃபில்டரைப் பொருத்தி ஒரே கிளிக்கில் எடுத்த படத்தில் மேகத்தின் அடிவயிற்றில் இருந்த சாம்பல் மடிப்புகள் தனித்தனியாக விழுந்திருந்தன. நிறத்தில் மிக மெல்லிய நீலச் சாயல் இருந்தது. வெள்ளைச் சமநிலையைத் திருத்தியதும் போய்விட்டது.

ஆனால் இந்த ஃபில்டரை எப்போது கழற்றுவது என்று கற்றுக்கொள்ளவே எனக்கு அதிக நாளாயிற்று. காலையில் கிழக்குச் சூரியன் நேராக வயல்மீது விழ, மேற்கே மலையை மூடிக்கொண்டு மழைமேகம் நிற்கும் வேளையில் தரைதான் வானத்தைவிடப் பிரகாசமாக இருக்கும். புயல் வானத்தில் இதைவிட அழகான ஒளியை நான் கண்டதில்லை. அப்போதும் பழக்கத்தில் ஃபில்டரை விட்டுவைத்தால், பகல் வானம் நள்ளிரவுபோல் கறுத்து, கண்ணால் கண்ட காட்சியே பொய்யாகிவிடுகிறது. மேகத்தை மிகைப்படுத்தும் கருவியாக இதை வாங்குகிறவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கண் கண்ட அளவுக்கு அதைக் காப்பாற்றித் தருவதே இதன் வேலை.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், நவம்பர் மழைக்கு நடுவே, இதன் எல்லை தெரிந்தது. அடிவானத்துக்கு மேலே எழுந்து நிற்கும் சிதைந்த தேவாலயச் சுவரின் உச்சி, மேகத்தோடு சேர்ந்து சற்றே இருண்டுவிட்டது. கருமை நடுவில் சட்டென்று முடியும் ஹார்டு வகையாக இருந்திருந்தால் சுவரின் குறுக்கே கோடே விழுந்திருக்கும். அது வெறுங்கடலும் நேரான அடிவானமும் மட்டும் உள்ள காட்சிக்கே பொருந்தும்.

குறைகளும் உண்டு. இவ்வளவு அகலமான தட்டைக் கண்ணாடி, எதிர்க்காற்றில் சாரலை லென்ஸைவிட எளிதாக ஏந்திக்கொள்கிறது. ஒரு துளி விழுந்தாலும் படத்தில் மங்கலான வட்டமாகத் தெரிவதால், ஒவ்வொரு படத்துக்கு முன்பும் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது. ஹோல்டரின் திருகு உப்புக்காற்றில் இரண்டே மாதங்களில் இறுகிவிட்டது. கடற்கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துவது கட்டாயம். மின்னல் நெருங்கும்போது இவற்றையெல்லாம் பிரித்துப் பையில் வைக்க நேரம் பிடிக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே பத்து வினாடிதான் என்றால் அது ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. திறந்த மணல்வெளியில் அதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் பல அடர்த்திகள் கொண்ட முழு செட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். இந்த ஒரு 0.9 சாஃப்ட் ஃபில்டரும், தங்கள் லென்ஸ்களில் மிகப் பெரிய விட்டத்துக்கான, ஹோல்டரை லென்ஸில் மாட்டும் வளையமும் இருந்தால் ஒரு மழைக்காலம் முழுக்கப் போதும்.