கப்பிக்கு மசகு: ஆமணக்கா, புங்கா, தேங்காயா?

மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகுக்காரர்களுக்கு மசகு என்றால் டப்பாவில் வரும் பெட்ரோலிய கிரீஸ்தான். வலையை இழுக்கும் வின்ச்சிலும் கயிறு ஓடும் கப்பியிலும் அப்புவது கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப்பட்டுக் கடலுக்குள்தான் போகிறது. பவளப்பாறையும் கடற்புல்லும் ஆவுளியா என்னும் கடற்பசுவும் உள்ள கடல் இது. அதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் படகில் கப்பிக்கும் வின்ச் புஷ்ஷுக்கும் (அச்சு சுழலும் உலோக உறை) தாவர எண்ணெயில் காய்ச்சிய மசகைத்தான் போட்டுவருகிறோம். மூன்று எண்ணெய்களையும் பார்த்துவிட்டு ஆமணக்கில் நிற்கிறேன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

தேங்காய் எண்ணெய் சீக்கிரம் கெடாது. அதன் கொழுப்பில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்றது என்பதால் காற்றுபட்டுப் பிசினாவது மிகக் குறைவு. சுமார் 24 டிகிரியில் உறையும் என்பது நம் ஊர் வெயிலில் பெரிய குறையே அல்ல. ஆனால் பாகுத்தன்மை போதாது: 40 டிகிரியில் 27 சென்டிஸ்டோக் (எண்ணெயின் தடிப்பை அளக்கும் அலகு) அளவுதான். இழுவைப் பளுவில் அது தங்காது. அதோடு சமையலறைக்கும் தலைக்கும் போகிற எண்ணெயைக் கப்பிக்கு ஊற்ற வீட்டில் யார் விடுவார்கள்?

புங்க எண்ணெய் சாப்பாட்டுக்கு ஆகாது, விலையும் ஆமணக்கைவிடக் குறைவு. பலரும் முதலில் இதைத்தான் நினைப்பார்கள். படகு ஓடிக்கொண்டிருக்கும்வரை இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை, படகு நிற்கும்போது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் சும்மா நிற்கின்றன. மசகுக்கு உண்மையான பரீட்சை அப்போதுதான். ஈரப்பட்ட விதையை ஆட்டிய புங்க எண்ணெயில் தனி அமிலம் (கொழுப்பிலிருந்து பிரிந்து நிற்கும் கொழுப்பமிலம்) அதிகம். தண்ணீர் சேரச் சேர இன்னும் கூடும். அந்த அமிலம் செம்பு கலந்த உலோகத்தைத் தின்னும். தடைக்காலம் முடிந்து கப்பியைக் கழற்றினால் வெண்கலப் புஷ்ஷின் உள்வாயில் பச்சைக் களிம்பு வளையமாகப் படிந்திருக்கும். எண்ணெய் தேன் நிறத்தில் இறுகி, நகத்தால் சுரண்டினால் இழையாக வரும். டீசலில் ஊறவைத்துத் துடைக்க வேண்டியிருக்கிறது. அந்த டீசலும் எங்கே போகிறது? கடலைக் காக்கத்தானே இவ்வளவும்.

ஆமணக்கு எண்ணெயும் நாளாகத் தடிக்கும், ஆனால் ஓடு கட்டாது. அதன் கொழுப்பமிலத்தில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிதான் எண்ணெயை உலோகத்தோடு ஒட்டவைக்கிறது. 40 டிகிரியில் 250 சென்டிஸ்டோக் அளவுக்குத் தடிப்பையும் தருகிறது. பழைய மாட்டுவண்டி அச்சுக்கும் இதைத்தான் போட்டார்கள். முதல்தர எண்ணெயாக வாங்கினால் தனி அமிலமும் குறைவு. தடைக்காலத்துக்குப் பிறகு துணியால் துடைத்துப் புதிதாக அப்பினால் போதும், களிம்பு அநேகமாக இருக்காது. விலை அதிகம்தான், மறுக்கவில்லை. புஷ் மாற்றும் கூலியையும் தொழிலுக்குப் போகாமல் நிற்கும் நாளையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

வெறும் எண்ணெயாக ஊற்றினால் வடிந்துவிடும், கிரீஸாக்க வேண்டும். இதற்குக் காஸ்டிக் சோடா வேண்டாம்; சோடியம் சோப்பு தண்ணீரில் கரைந்துபோகும். சுண்ணாம்பில் ஆகும் கால்சியம் சோப்பு கரையாது. ஒரு கிலோ எண்ணெயில் 200 கிராமைச் சோப்பாக்க 24 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு போதும். துணியில் சலித்து, தண்ணீரில் குழைத்து, அந்த 200 கிராம் எண்ணெயோடு சேர்த்து நுரை அடங்கும்வரை காய்ச்சி, மீதி எண்ணெயை ஆறும்போது சிறிது சிறிதாக ஊற்றிக் கிண்ட வேண்டும். சுண்ணாம்பில் ஒரு மணல் தங்கினாலும் புஷ்ஷை அறுத்துவிடும். சலிப்பதில் சோம்பல் ஆகாது.

எஞ்சினுக்குள் இதை ஊற்றச் சொல்லமாட்டேன். அந்தச் சூட்டில் ஆமணக்கு அரக்காகப் படியும். புரொப்பெல்லர் தண்டுக்குப் போட்டுப் பார்த்தது கொஞ்ச காலம்தான், அதைவைத்து ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டில் புங்க எண்ணெய் மிச்சம் இருந்தால் இரும்புச் சங்கிலிக்கும் நங்கூரக் கொக்கிக்கும் தாராளமாகத் தடவலாம். வெண்கலம், பித்தளை இருக்கும் இடத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.