"நானும் தமிழ் மீடியம்தான் அக்கா"ன்னு சொன்னா, நம்பிப் போய் 38,500 ரூபா விட்டேன்

நேத்து சாயந்திரம் ஆறரைக்கு அந்த இடத்துல இருந்து வெளிய வந்தேன், இன்னும் கோவம் அடங்கல, ராத்திரி பூரா தூக்கமும் இல்ல, அதனால முன்னபின்ன இருந்தா மன்னிச்சுக்கோங்க. பேர் போடல, வீட்டுக்காரர் கேஸ் கீஸ்னு பயப்படுறாரு. மெட்ரோ ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரம், கீழ மொபைல் கடை, மாடியில கண்ணாடிக் கதவு போட்டு ஒரு இங்கிலீஷ் கோச்சிங் சென்டர். அவ்ளோதான் சொல்லுவேன். சென்னையில இந்த மாதிரி ஏரியாவுக்கு நாலு இருக்கு. கடைசில அஞ்சு விஷயம் சொல்றேன், கிளாஸ் சேரலாம்னு இருக்கவங்க அதையாவது படிங்க.

நான் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனில பில்லிங் டீம்ல இருக்கேன், 7 வருஷம் ஆச்சு. பிளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். எக்ஸெல்ல என்ன கேட்டாலும் போட்டுக் குடுப்பேன், ஆனா மாசக் கடைசி ரிவ்யூ கால்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணி நாலு ஸ்லைடு பேசச் சொன்னா தொண்டை அடைச்சுக்கும். நான் ராத்திரி உக்காந்து போட்ட ஷீட்ட பக்கத்து சீட்டு பையன் பேசிட்டு "குட் ஜாப்" வாங்கிட்டுப் போவான். டீம் லீட் போஸ்ட்டுக்கு உள்ளயே இன்டர்வ்யூ வைக்கப் போறாங்கன்னதும் இந்த தடவ விடக்கூடாதுன்னு போனேன்.

அங்க இருந்த கவுன்சிலர் பொண்ணுக்கு இருபத்து மூணு வயசு இருக்கும். ஃபார்ம குடுத்துட்டு என் முகத்தப் பாத்து, "பயமா இருக்கா அக்கா? நானும் தமிழ் மீடியம்தான் அக்கா, வியாசர்பாடி கார்ப்பரேஷன் ஸ்கூல், காலேஜ்ல பிரசன்டேஷன்னா பாத்ரூம்ல போய் அழுவேன்"னா. அந்த பாத்ரூம் விஷயம் நானும் பண்ணது. அங்கேயே விழுந்துட்டேன். அதுக்கு மேல அவ என்ன சொன்னாலும் மண்டைய ஆட்டினேன். அஞ்சு நிமிஷம் ஏதோ டெஸ்ட் வச்சு, நீங்க ஏ2 லெவல் (இங்கிலீஷுக்கு இருக்கற ஆறு படில ரெண்டாவது), மூணு மாசத்துல பி2 (நாலாவது படி) ஆக்கிடுவோம், தனி டிரெய்னர், பிசினஸ் இங்கிலீஷ் மட்டும், வாரா வாரம் மாக் இன்டர்வ்யூ, முடிச்சா கேம்பிரிட்ஜ் பேட்டர்ன் சர்டிஃபிகேட்.

பேட்டர்ன். அந்த ஒரு வார்த்தைய நான் காதுலயே வாங்கல. நிஜ கேம்பிரிட்ஜ் பிசினஸ் பரீட்சைன்னா பிரிலிமினரி, வான்டேஜ், ஹையர்னு மூணு லெவல், தனியா ஃபீஸ் கட்டி அவங்க அங்கீகாரம் குடுத்த சென்டர்ல எழுதணும். இவங்க தர்றது இவங்களே பிரின்ட் போட்ட அட்டை. அப்புறம் அந்த பி2. கேம்பிரிட்ஜ்காரங்களே சுமாரா கணக்கு சொல்றாங்க, ஏ2 வர 200 மணி நேரம் படிக்கணும், பி2 வர 500, 600 மணி நேரம் ஆகும்னு. இவங்க மொத்த கிளாஸே 45 மணி நேரம்! பணம் கட்டினதுக்கு அப்புறம் வீட்ல உக்காந்து தேடிக் கண்டுபிடிச்சேன், என் புத்திய செருப்பால அடிக்கணும்.

மொத்த ஃபீஸ் 38,500. அவ்ளோ கையில இல்லன்னேன். 8,500 மட்டும் ஜிபே பண்ணுங்க அக்கா, மிச்சம் 30,000 மாசம் 3,000, வட்டியே இல்லன்னு சொல்லிட்டு என் ஃபோன வாங்கி அவளே ஒரு ஆப் போட்டா, ஆதார், பான் எல்லாம் ஏத்தினா, ஓடிபி வந்துச்சு, படிச்சு சொன்னேன். ஃபீஸ் ரிஜிஸ்ட்ரேஷன் ஓடிபின்னு சொன்னா. அது என் பேர்ல லோன். சென்டருக்கு 30,000 முழுசா போய்டுச்சு, நான் கடன்காரி. கிளாஸ் நடந்தாலும் நடக்காட்டியும் மாசம் 5ஆம் தேதி 3,000 போகும், போகலன்னா சிபில் அடி வாங்கும்.

கிளாஸ பத்தி என்ன சொல்ல. தனி டிரெய்னர்னாங்க, ஒரே ரூம்ல 30 பேருக்கு மேல, பத்தாவது பசங்க, ஐஇஎல்டிஎஸ் எழுதறவங்க, நான். ரெண்டு மாசத்துல நாலு டிரெய்னர் மாறினாங்க. மூணாவதா வந்தவர் போர்டுல பெருசா எழுதறாரு, இன்டர்வ்யூல "மைசெல்ஃப்"னு ஆரம்பிச்சு பேர் சொல்லணுமாம். எங்க ஆஃபீஸ்ல எவனாவது அப்படி ஆரம்பிச்சா எங்க மேனேஜர் மூஞ்சி போற போக்க பாக்கணும். "ஐ ஆம்"தான் சார் சொல்லணும்னு கேட்டேன், ரெண்டும் ஓகே மேடம்னு அழிச்சுட்டுப் போயிட்டாரு. பிரசன்டேஷன் கிளாஸ்னு லைட்ட அணைச்சுட்டு யூட்யூப் வீடியோ போட்டாங்க. மாக் இன்டர்வ்யூ வாட்ஸ்அப் கால்ல 4 நிமிஷம், பின்னாடி குக்கர் விசில் கேக்குது. இன்டர்வ்யூவும் வந்துச்சு, போச்சு. போஸ்ட் பக்கத்து சீட்டு பையனுக்கு.

பணம் திருப்பிக் கேட்டதும் ஆரம்பிச்சாங்க. சார் மீட்டிங்ல இருக்காரு. அக்கவுண்ட்ஸ்ல சொல்லிருக்கோம், ஏழு ஒர்க்கிங் டேஸ். மெயில் போடுங்க. போட்டேன், மூணு தடவ, பதில் இல்ல. கவுன்சிலருக்கு வாட்ஸ்அப் பண்ணா ஒத்த டிக். அப்புறம் பில் பின்னாடி பாருங்கக்கா, ஃபீஸ் திரும்பத் தர மாட்டோம்னு இருக்கு. இருக்கு, எறும்பு சைஸ்ல. லோன் ஆப்காரன்ட்ட கேட்டா சென்டர்ட்ட பேசுங்க, சென்டர்ட்ட கேட்டா லோன் எங்களோடது இல்ல மேடம்.

நேத்து லீவு போட்டு நேர்ல போனேன். ரெண்டு மணி நேரம் உக்கார வச்சாங்க. பக்கத்து கேபின்ல அதே பொண்ணு, ஒரு பையன்ட்ட பேசுறா. "பயமா இருக்காண்ணா? நானும் தமிழ் மீடியம்தாண்ணா, திருவண்ணாமலை பக்கம் கிராமம்." வியாசர்பாடி எங்கம்மா போச்சு? எந்திரிச்சுப் போய் கேட்டுட்டேன். அந்த பையன் ஃபார்ம வச்சுட்டு எந்திரிச்சுட்டான், அது ஒண்ணுதான் நேத்து நடந்த நல்லது. என்ன செக்யூரிட்டி வச்சு கீழ இறக்கி விட்டாங்க. 38,500 ரூபா குடுத்தவள.

சரி, அந்த அஞ்சு விஷயம். இப்ப கோவத்துல மூணுதான் ஞாபகம் வருது. ஓடிபிய யார்ட்டயும் படிச்சு சொல்லாதீங்க, மாசத் தவணைன்னு சொன்னா அது லோனான்னு வாய் விட்டுக் கேளுங்க. லோன் பேப்பர்ல கூலிங் ஆஃப் பீரியட்னு ஒண்ணு இருக்கணும், ரிசர்வ் பேங்க் ரூல், அந்த நாளுக்குள்ள அசலையும் அத்தன நாள் வட்டியையும் கட்டி அபராதம் இல்லாம வெளிய வரலாம், எனக்கு அந்த மெயில் ஸ்பாம்ல கிடந்துச்சு, நாள் முடிஞ்சு பாத்தேன். ஏமாந்தவங்க 1915க்கு அடிங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன், நான் இன்னிக்கு காலையில கம்ப்ளைன்ட் குடுத்துட்டேன், மாவட்ட நுகர்வோர் கமிஷன்லயும் போடப் போறேன், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது.

அப்புறம் பில்ல வாங்கின அன்னிக்கே ஃபோட்டோ எடுத்து வைங்க. என்னோடது அந்த வழவழ பேப்பர், ஹேண்ட்பேக்லயே இருந்து பாதி எழுத்து அழிஞ்சு போச்சு, 38,500ல இப்ப 38 மட்டும்தான் தெரியுது.