நான்கு விதமாகவும் அழுத்திப் பார்க்கச் சொன்னவர்

கும்பகோணத்தில், மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு சந்துக்குள் சிறிய மின்சாதனக் கடை இருக்கிறது. கழற்றிப் போட்ட மின்விசிறிகளும் மிக்சிகளும் வாசல் வரை கிடக்கும். கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அழைத்தால் வீட்டு வேலைக்கும் வருவார். எங்கள் மாடிப்படி விளக்கை அவர் சரிசெய்து இரண்டு மாதம் ஆகிறது. செய்த வேலை நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

வீடு 1994இல் அப்பா கட்டியது. பதினேழு படிகள். படியின் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதை அழுத்தினாலும் நடுவிலுள்ள ஒரே விளக்கு எரியும், மறுபடி அழுத்தினால் அணையும். சித்திரையில் வெள்ளையடித்தபோது மேல்மாடிப் போர்டில் இருந்த சுவிட்சுகள் பழுப்பேறிவிட்டன என்று புதியவை போட்டோம். அன்றிலிருந்து தொல்லை. கீழ்ச் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் மேலே எரியும், அணையும். மறுபக்கம் இருந்தால் மேலே எத்தனை முறை அழுத்தினாலும் இருட்டுதான். அம்மாவுக்கு 78 வயது. பூஜை அறை மாடியில். விடியற்காலை ஐந்து மணிக்கு ஏறுகிறவர். கீழ்ச் சுவிட்சை யாரும் தொடக் கூடாதென்று அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்தார். ஒரு கையில் பூக்கூடை, மறுகையில் டார்ச் விளக்கு. கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை. அதைப் பார்த்த அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

முதலில், செல்பேசியில் பதிவு செய்தால் ஆள் அனுப்பும் ஒரு சேவையை அழைத்தேன். முதல் முறை வந்தவர் பல்பை மாற்றினார். இரண்டாம் முறை வந்தவர் ஹோல்டரை மாற்றினார். மூன்றாம் முறை வந்தவர், சுவருக்குள் ஒயர் அறுந்துவிட்டது, உடைத்துப் புதுக் குழாய் போட வேண்டும், 6,500 ரூபாய் ஆகும் என்றார். அதற்குள் 940 ரூபாய் கொடுத்தாகிவிட்டது. மூவரில் ஒருவர்கூடக் கீழ்ச் சுவிட்சைத் திறந்து பார்க்கவில்லை.

சந்துக் கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன். “வருகிறேன் டீச்சர், அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்” என்றார். “கீழ்ச் சுவிட்சுக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று இரண்டு நிலை, மாடிச் சுவிட்சுக்கும் அப்படியே. இரண்டையும் சேர்த்தால் மொத்தம் நான்கு விதம். எந்தெந்த விதத்தில் எரிகிறது என்று எழுதி வையுங்கள்.” நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதினேன். நான்கில் ஒன்றில் மட்டுமே எரிந்தது. நல்ல நிலையில் இருந்தால் இரண்டில் எரிய வேண்டும், இரண்டில் அணைந்திருக்க வேண்டுமாம். “ஒன்றில் மட்டும் எரிகிறதென்றால் பல்பும் ஹோல்டரும் நன்றாகத்தான் இருக்கின்றன” என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கே நான் அவருக்குப் பணம் கொடுத்திருப்பேன்.

வந்ததும் அவர் செய்த முதல் வேலை மெயினை அணைத்தது. மேல்மாடிப் போர்டைத் திறப்பதற்குக் கீழ்வீட்டு மெயின் எதற்கு என்று கேட்டேன். மேல்மாடி மின்சாரத்தை மட்டும் துண்டிக்கத் தனியாக ஒரு எம்சிபி (பாதுகாப்புச் சுவிட்ச்) இருக்கிறது. முன்பு வந்தவர்கள் அதை மட்டும்தான் அணைத்தார்கள். படி விளக்குக்கு மின்சாரம் கீழ்ப் போர்டிலிருந்து ஏறி வருகிறது, ஆகவே மேல் எம்சிபியை அணைத்தாலும் அந்தப் பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கும் என்றார். முன்பு வந்த பையன்களை நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

இப்படி ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து இயக்கும் டூவே சுவிட்சின் பின்னால் மூன்று முனைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று காமன், அதாவது பொது முனை. கீழ்ச் சுவிட்சின் காமனில் பேஸ், அதாவது மின்சாரம் கொண்டுவரும் ஒயர், வந்து சேர்கிறது. மேல் சுவிட்சின் காமனிலிருந்து ஒயர் விளக்குக்குப் போகிறது. மற்ற இரண்டு முனைகளையும் இரண்டு ஒயர்கள் கீழுக்கும் மேலுக்குமாக இணைக்கின்றன. இரு சுவிட்சுகளும் ஒரே ஒயரைத் தொட்டுக்கொண்டிருந்தால் விளக்கு எரியும். ஆளுக்கொரு ஒயரைத் தொட்டால் எரியாது. இதை அவர் எங்கள் திண்ணையில் சாக்குக் கட்டியால் வரைந்து காட்டினார். முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்றவள் நான். இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தருகிறவர்களை அதிகம் பார்த்ததில்லை.

நான்கில் ஒன்றில் மட்டும் எரிந்தால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அந்த இரண்டு ஒயர்களில் ஒன்று எங்கோ அறுந்திருக்க வேண்டும், அல்லது ஒரு சுவிட்சில் காமனுக்குரிய ஒயர் இடம் மாறியிருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சுவரை உடைக்கச் சொன்னவர் முதல் காரணத்தோடு நின்றுவிட்டார். இவர் மேல் பெட்டியிலுள்ள மூன்று ஒயர்களையும் கழற்றி, ஒன்றையொன்று தொடாமல் விரித்து வைத்தார். பிறகு மெயினைப் போட்டு, ஹோல்டரில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைக் கீழே சுவிட்சை மாற்றி மாற்றி அழுத்தச் சொன்னார். மேலே ஒரு முறை ஒரு ஒயரில் மின்சாரம், மறுமுறை அடுத்த ஒயரில். அப்படியானால் இரண்டும் அறுபடவில்லை. எதிலும் மின்சாரம் வராத மூன்றாவது ஒயர் விளக்குக்குப் போவது. அதுதான் காமனில் இருக்க வேண்டும். எங்கள் புதுச் சுவிட்சில் அது நடு முனையில் முறுக்கப்பட்டிருந்தது.

தவறு எப்படி நடந்தது என்பதையும் சொன்னார். பழைய சுவிட்சில் காமன் நடு முனை. புதிதாக வாங்கியதில் காமன் ஓரத்தில் இருக்கிறது. மாற்றியவர் நடுவில் இருந்ததை நடுவிலும் ஓரத்தில் இருந்ததை ஓரத்திலும் மாட்டிவிட்டார். மூன்று ஒயரும் சிவப்பு என்பதால் பார்த்தாலும் தெரியாது. சுவிட்சின் பின்னால் குறி இருக்கிறது, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கழற்றும் முன் காமன் ஒயரில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் போதும் என்றார். அவர் இரண்டு பெட்டியிலும் மஞ்சள் டேப் சுற்றினார். அடுத்து வருகிறவருக்கு உதவுமாம்.

டெஸ்டர் இருக்கும்போது டெஸ்ட் லாம்ப் எதற்கு என்று கேட்டேன். அருகருகே நீளமாக ஓடும் ஒயர்களில் ஒன்றில் மின்சாரம் இருந்தால், மற்றொன்றைத் தொட்டாலும் டெஸ்டரின் சிறு விளக்கு மங்கலாக எரிந்து ஏமாற்றும். குண்டு பல்பு அப்படி ஏமாறாது.

மொத்தம் நாற்பது நிமிடம். புதிய பொருள் எதுவும் வாங்கவில்லை. கூலி 300 ரூபாய்.

மூன்றாம் நாள் இரவு, அணைத்த பிறகும் எல்இடி பல்பு மின்மினி போல மினுக்கியது. அழைத்தேன். டெஸ்டரை ஏமாற்றுகிற, பக்கத்து ஒயரிலிருந்து தொற்றும் அதே ஒட்டு மின்சாரம்தான், ஆபத்தில்லை என்றார். அடுப்படி பல்பை அங்கே மாட்டிப் பார்க்கச் சொன்னார். மாட்டினேன், மினுக்கல் நின்றது. இதற்குக் காசு கேட்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வியாழன் வருகிறேன் என்றவர் வெள்ளி மாலை வந்தார். வேலையில் இருக்கும்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை. காலை ஏழிலிருந்து எட்டுக்குள் அழைத்தால் கிடைப்பார். ரசீது கேட்டால் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தருவார். முறையான பில் வேண்டிய அலுவலகங்களுக்கு இது சரிப்படாது. அவசரம் என்றால் அவரை நம்பிக் காத்திருக்க முடியாது. இதை அவரிடமே சொன்னேன். தனி ஆளாகச் செய்கிறேன் டீச்சர் என்றார். உண்மைதான். ஆனாலும் வர முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அம்மா இன்னொரு விடியற்காலை டார்ச்சோடு ஏறினார்.

பிளாஸ்திரியை அம்மாவே உரித்தார். கோந்துக் கறை இன்னும் சுவிட்சில் இருக்கிறது. வாசல் விளக்குக்கும் இதேபோல உள்ளே ஒன்று, கேட்டருகே ஒன்று என்று இரண்டு சுவிட்ச் வைக்கும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன். தீபாவளிக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.