விலை கூடிய குர்மே (உயர்ரக உணவு) பொருட்கள்: மூடியைத் திறந்து மூன்று மாதம் கழித்து எது தேறுகிறது?

வாங்கி வந்த அன்று எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கனத்த கண்ணாடி ஜாடி, பொன் எழுத்து, தக்கை மூடி, உள்ளே மெல்லிய காகிதச் சுற்று. நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அடுப்படி அலமாரியில் இரண்டு மூன்று மாதம் இருந்த பிறகுதான் கொடுத்த காசு எங்கே போனது என்பது தெரியும். நீண்ட நாள் புழக்கத்தில் தேறுபவை சிலவே. அவற்றிலும், டப்பா எவ்வளவு அழகோ அவ்வளவு சீக்கிரம் பொருள் கெடுவதைப் பலமுறை பார்க்கலாம்.

கொடுக்கும் காசுக்கு முழுப் பலன் தருவது குங்குமப்பூ. ஒரு கிலோவுக்குச் சுமார் 1.5 லட்சம் பூக்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று இழைகளைக் கையால்தான் பிரிக்க வேண்டும். விலைக்கு அதுவே காரணம். காஷ்மீர் குங்குமப்பூவுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் மோங்ரா என்பது சிவப்பு நுனி மட்டும்; லச்சாவில் அடியில் உள்ள மஞ்சள் தண்டும் சேர்ந்திருக்கும். அந்தத் தண்டில் நிறமும் மணமும் பெரிதாக இல்லை, எடை மட்டும் உண்டு. அதனால் மோங்ரா விலை அதிகமானாலும் அதையே வாங்கலாம். ஆய்வு அறிக்கையோடு விற்பவர்கள் ஐஎஸ்ஓ 3632 தரப்படி நிற வலிமை எண்ணைத் தருவார்கள். அது 200-ஐத் தாண்டினால் முதல் தரம்.

வாங்கியதும் இரண்டு இழையை வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். நல்ல குங்குமப்பூ பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்லப் பொன் மஞ்சளை விடும். இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் சிவப்பாகக் கரைந்து இழை வெளுத்தால் சாயம். நாக்கில் வைத்தால் லேசான கசப்பு வர வேண்டும். இனித்தால், எடை கூட்டுவதற்காகத் தேனோ சர்க்கரைப் பாகோ தடவியிருக்கிறார்கள்.

பலரும் காசை இழப்பது பயன்படுத்தும் முறையில். கொதிக்கும் பாலில் நேராகப் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். அரை லிட்டர் பாயசத்துக்கு 15 முதல் 20 இழை போதும். ஒரு சிட்டிகை சர்க்கரையோடு சின்ன உரலில் நுணுக்கி, மூன்று மேசைக்கரண்டி சூடான பாலில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அடுப்பை அணைத்த பின் சேர்க்க வேண்டும். ஒரு கிராமில் சுமார் 400 இழைக்கு மேல் இருக்கும் என்பதால் இருபது தடவைக்குத் தாராளமாக வரும். அந்தக் கணக்கில் பார்த்தால் இது ஆடம்பரமே இல்லை.

அழகு பகையாவதும் இதே குங்குமப்பூவில்தான். உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியட்டும் என்று கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் விற்கிறார்கள். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும். வாங்கிய அன்றே இறுக்க மூடும் சின்ன எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, அடுப்புக்கு எட்டத்தில் இருட்டில் வையுங்கள்.

எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய்க்கு இன்னும் நிதானம் தேவை. இந்தப் பெயருக்கு அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ‘ப்யூர்’, ‘லைட்’ என்று போட்டவை பெரும்பாலும் சுத்திகரித்த எண்ணெயோடு கொஞ்சம் விர்ஜின் (சுத்திகரிக்காமல் பிழிந்தது) கலந்தவை. லைட் என்றால் கலோரி குறைவு என்று நினைத்து ஏமாற வேண்டாம், சுவையும் நிறமும்தான் குறைவு. ‘போமாஸ்’ என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. லேபிளில் தேட வேண்டியது அறுவடைத் தேதி. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் காய் பறிக்கிறார்கள். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய அறுவடை என்றால் எவ்வளவு தள்ளுபடி போட்டாலும் விட்டுவிடுங்கள்.

நல்ல எண்ணெயை ஒரு கரண்டி அப்படியே குடித்தால் தொண்டையில் மிளகுபோல் காரும். ஓலியோகேந்தால் என்ற பொருளால் வரும் அந்தக் காரல் புதுசு என்பதற்கு நல்ல அடையாளம். பழைய வேர்க்கடலை வாடை வந்தால் சிக்கு ஏறிவிட்டது. ஒரு லிட்டர் பாட்டில் லாபம்போலத் தோன்றும். சென்னை, மதுரை வெயிலில் திறந்த ஆறு எட்டு வாரத்துக்குள் தீர்க்க முடியாவிட்டால் அது நஷ்டம். கறுத்த பாட்டிலிலோ தகர டின்னிலோ 250 மில்லி போதும். பிரிட்ஜில் உறைவதை வைத்துச் சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது.

கடுகு தாளிக்க இதை ஊற்றுவது வீண், சூட்டில் அந்த மணம் நிற்காது. தாளிப்புக்கும் ஊறுகாய்க்கும் அதே காசில் மிக நல்ல மரச்செக்கு நல்லெண்ணெய் கிடைக்கும். எள்ளில் இயற்கையாகவே சிக்கு ஏறுவதைத் தடுக்கும் பொருட்கள் இருப்பதால் நம் வெப்பத்தில் அது நெடுநாள் தாங்கும். ஆலிவ் எண்ணெயைப் பச்சையாக, சாலட் மீதோ தக்காளி மீதோ ஊற்றிச் சாப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரஃபிள் என்பது மண்ணுக்குள் விளையும் மணமான காளான். அதன் பெயரில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெயை வாங்கவே வாங்காதீர்கள். கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை சாதாரண எண்ணெயில் 2,4-டைதயாபென்டேன் என்ற செயற்கை மணத்தைக் கலந்தவை. அடியில் கிடக்கும் கறுப்புத் துண்டு பார்வைக்குத்தான். பட்டியலில் ‘அரோமா’, ‘ஃப்ளேவர்’ என்று இருந்தால் கதை அவ்வளவுதான்.

இத்தாலியின் திராட்சை வினிகரான பால்சாமிக்கில் இரண்டு உலகம் உண்டு. ‘டிரடிசியோனாலே’ என்பது திராட்சைச் சாற்றை மட்டும் காய்ச்சி, மரப் பீப்பாய்களில் குறைந்தது 12 வருடம், ‘எக்ஸ்ட்ராவெக்கியோ’ என்றால் 25 வருடம் வைத்தது. இத்தாலியின் மோடெனா ஊரில் செய்தது 100 மில்லி உருண்டைப் பாட்டிலில் மட்டுமே வரும். சொட்டுச் சொட்டாக விட்டால் வருடக்கணக்கில் கெடாது. அந்த விலை அதற்குத் தகும். ஐஜிபி என்ற ஐரோப்பியப் புவிசார் முத்திரை போட்டதற்கு 60 நாள் போதும். ஒயின் வினிகரும் சேரும், கேரமல் நிறமும் சேர்க்கலாம். பொருள் பட்டியலில் திராட்சைச் சாறு முதலில் இருந்தால் எடுக்கலாம். ஒயின் வினிகர் முதலில் இருந்தால் மலிவானதே போதும். அதைச் சிறு தீயில் பாதியாக வற்றவைத்தால் கெட்டியாகிவிடும்.

இளஞ்சிவப்பு உப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்து உப்பு அது. ஏறத்தாழ முழுவதும் சோடியம் குளோரைடு. பல பொட்டலங்களில் அயோடின் சேர்ப்பதில்லை, ஆகவே அன்றாட உப்பாக மாற்றுவது நல்லதல்ல. செதில் உப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பது மேலே தூவி மொறுமொறுப்பை ரசிக்க. சாம்பாரில் கரைந்தால் எல்லாம் ஒன்றே. தக்கை மூடி ஜாடியில் இருந்தால் மழைக்காலத்தில் கட்டி தட்டும்.

சாக்லேட்டில் பட்டியலைப் பார்த்தால் போதும்: கோகோ, கோகோ வெண்ணெய், சர்க்கரை. தாவரக் கொழுப்பு இருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவிலிருந்தே இப்போது அருமையான சாக்லேட் வருகிறது. அதற்குச் செலவழிப்பதில் தயக்கமே வேண்டாம். கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் கூரியரில் வரவழைக்காதீர்கள். உருகி மீண்டும் உறைந்தால் மேலே வெள்ளைப் பூச்சு படரும். கெட்டதல்ல, ஆனால் வாயில் மணல்போல் இருக்கும். பாலில் கரைத்துக் குடித்துவிடலாம். பிரிட்ஜில் வைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்ததும் அரை மணி நேரம் மூடியபடியே விடுங்கள். உடனே திறந்தால் வியர்த்து, சர்க்கரை மேலே வந்துவிடும்.

தீபாவளிப் பரிசுப் பெட்டியில் வருபவற்றுக்கு ஒவ்வொரு பொட்டலத்தின் நிகர எடையையும் கடைசித் தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலங்களில் கிராமுக்கு எவ்வளவு என்று இப்போது அச்சிடுகிறார்கள். அதே பொருளின் சாதாரண பொட்டலத்தோடு அந்த எண்ணை ஒப்பிட்டால் பெட்டிக்கும் ரிப்பனுக்கும் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.