மங்கலாகத் தெரிந்த 61 முகங்கள்: ஒரு டேட்டிங் ஆப்பில் ஆறு மாதச் சந்தா

ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சண்டை போடத் தெம்பு இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, கீழே நான் புலம்பப்போகும் எதுவும் இந்த ஒரு ஆப்புக்கு மட்டும் சொந்தமில்லை. நிறமும் பெயரும்தான் வேறு, எல்லாக் கடையிலும் இதே சரக்குதான்.

எனக்கு 41 வயது. விவாகரத்தாகி நான்கு வருடம் ஆகிறது. மெய்ப்புத் திருத்துவது தொழில். எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது, எங்கே ல, ள, ழ இடம் மாறியிருக்கிறது என்று நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தில் குறை பார்த்துச் சம்பாதிப்பவள். இப்படிப்பட்டவள் டேட்டிங் ஆப்பைத் திறந்தால் என்ன ஆகும் என்று என் தங்கை முதலிலேயே எச்சரித்தாள். கேட்கவில்லை.

முதல் மூன்று வாரம் இலவசமாகத்தான் ஓட்டினேன். அப்புறம் அந்தத் திரை வந்தது. ‘61 பேர் உங்களை லைக் செய்திருக்கிறார்கள்.’ கீழே கட்டம் கட்டமாக 61 படங்கள், எல்லாம் நீராவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல மங்கலாக. ஒன்றில் நீலச் சட்டை தெரிகிறது. ஒன்றில் தாடி மாதிரி ஏதோ. இன்னொன்றில் நாயா மனிதனா என்றே தெரியவில்லை. தெளிவாகப் பார்க்க வேண்டுமா, பணம் கட்டுங்கள். ஒரு மாதம் மட்டும் என்றால் விலை கன்னாபின்னா. ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் மாதக் கணக்கில் பாதிக்கும் கீழே வருகிறது. இது மனதை வளைக்கும் விலைப்பட்டியல் என்று தெரிந்தேதான் ஆறு மாதத்துக்குக் கட்டினேன்.

திரை விலகியது. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன், பழக்கதோஷம். நான் வைத்திருந்த தூர எல்லைக்கு வெளியே இருந்தவர்கள் 24 பேர். நான் கொடுத்த வயது வரம்புக்குள் வராதவர்கள் 13. பல மாதங்களாக ஆப்பைத் திறக்கவே திறக்காதவர்கள் 11. நான் ஏற்கெனவே பார்த்து வேண்டாம் என்று இடப்பக்கம் தள்ளியவர்கள் 4. ஆகக்கூடி 52. மிச்சம் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரையும், சந்தா கட்டாமல் இருந்திருந்தால், எப்படியும் ஒரு வாரத்தில் என் கண்ணில் காட்டியிருப்பார்கள். 61 என்பது பொய்யில்லை, ஆனால் அந்த எண்ணை நம்பி யாராவது பணம் கட்டினால் அது என்னைப் போல ஏமாளித்தனம்தான்.

இது என் சொந்தப் புலம்பல் மட்டுமில்லை. 2019இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி., மேட்ச் குழுமத்தின்மேல் வழக்குப் போட்டது. மோசடிக் கணக்குகளாக இருக்கலாம் என்று நிறுவனமே குறித்துவைத்திருந்த கணக்குகளிலிருந்து வந்த ‘ஒருவர் உங்கள்மேல் ஆர்வமாக இருக்கிறார்’ அறிவிப்புகளைக் காட்டி, மேட்ச்.காம் தளத்தின் இலவசப் பயனர்களைச் சந்தா கட்டவைத்தது என்பது ஒரு குற்றச்சாட்டு. சந்தாவை நிறுத்தும் வழியைச் சிக்கலாக்கியது என்பது இன்னொன்று. ஆறு மாதத்தில் யாரும் அமையாவிட்டால் அடுத்த ஆறு மாதம் இலவசம் என்ற உத்தரவாதத்தின் நிபந்தனைகளைச் சரியாகச் சொல்லவில்லை என்பதும் பட்டியலில் இருந்தது. 2025 ஆகஸ்டில் 1.4 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. இதைப் படித்த அன்று எனக்கு விசித்திரமான ஒரு ஆறுதல். நான் தனி முட்டாள் இல்லை.

பிடிக்காவிட்டால் வேறு ஆப்புக்குப் போகலாமே என்பீர்கள். டிண்டர், ஹிஞ்ச், ஓகேக்யூபிட், பிளென்ட்டி ஆஃப் ஃபிஷ், மேட்ச்.காம் எல்லாமே அந்த ஒரே குழுமத்தின் பிள்ளைகள். கோபித்துக்கொண்டு கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகலாம், வீடு அதேதான். வெளியே என்றால் பம்பிள் இருக்கிறது, இன்னும் சில உண்டு.

ஒரு சிறு விலகல். 1965இல் ஹார்வர்டு மாணவர்கள் சிலர் ‘ஆபரேஷன் மேட்ச்’ என்று ஒன்றை நடத்தினார்கள். கேள்வித்தாளை நிரப்பி அனுப்பினால், ஐ.பி.எம். கணினி பொருத்தம் பார்த்து, பெயர்களும் தொலைபேசி எண்களும் அடங்கிய பட்டியலைத் தபாலில் அனுப்பிவிடும். பொருத்தம் எந்த லட்சணத்தில் இருந்ததோ, பெயர்மேல் மை ஊற்றி அனுப்பிவிட்டு, துடைக்க இன்னொரு கட்டணம் என்று யாரும் கேட்கவில்லை.

சரி, ஆப்புக்கு வருகிறேன். இந்த ஆறு மாதத்தில் புதிதாகச் சேர்ந்த வசதி, ‘உரையாடல் உதவி’. செயற்கை நுண்ணறிவு நமக்காக முதல் மெசேஜை எழுதித் தரும். இன்று எல்லா நிறுவனமும் இதன் பின்னால்தான் ஓடுகிறது. டிண்டர் 2024இலேயே நம் கேலரியிலிருந்து நல்ல படத்தைப் பொறுக்கிக் கொடுக்கும் கருவியைக் கொண்டுவந்துவிட்டது. ஹிஞ்ச் 2025இல், ப்ரொஃபைலில் எழுதிய பதில் சப்பென்று இருந்தால் இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள் என்று சொல்லும் வசதியைச் சேர்த்தது. அது நமக்காக எழுதித் தராது, குறிப்பு மட்டும் சொல்லும். ஆசிரியர் வேலை, பரவாயில்லை. என் ஆப்பில் இருப்பது ஆசிரியர் இல்லை, பிட்டு கொடுக்கும் பக்கத்து மேசைப் பையன்.

அந்த வசதி வந்த வாரத்தில் ஒருவர் எழுதினார்: “உங்கள் புன்னகையில் ஒரு கதை ஒளிந்திருக்கிறது; அதன் முதல் வரி என்னவாக இருக்கும்?” ‘ஒளிந்திருக்கிறது’க்குப் பிறகு அரைப்புள்ளி. முதல் மெசேஜில் அரைப்புள்ளி போடும் மனிதரை வாழ்நாளில் சந்தித்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குதூகலித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் கழித்து வேறொருவர்: “உங்கள் புன்னகையில் ஒரு கதை இருப்பதுபோல் தோன்றுகிறது; அந்தக் கதையின் முதல் வரி என்ன?” அதே இடத்தில் அதே அரைப்புள்ளி. போய் என் படத்தைப் பார்த்தேன். மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, மூக்கு வரைக்கும் கழுத்துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறேன். வாயே தெரியவில்லை. எந்தப் புன்னகை?

மூன்றாவது ஆளுக்காகக் காத்திருந்தேன், பத்தாம் நாள் வந்தார். அவருக்கு மட்டும், “நீங்களே எழுதியதா?” என்று கேட்டுப் பதில் போட்டேன். “இல்லைங்க, பட்டனை அழுத்தினேன். என்ன எழுதறதுன்னு தெரியலை” என்றார். அந்த ஒரு பதில்தான் முதல் மூன்று மெசேஜ்களையும்விட நன்றாக இருந்தது. ஆனால் அதற்கு அப்புறம் அவர் மறுபடி பட்டனுக்கே போய்விட்டார்.

தயங்குபவர்களுக்கு உதவி என்று இதை விற்கிறார்கள். தயக்கத்தில்தானே ஆள் தெரிகிறார். அதையும் இஸ்திரி போட்டுவிட்டால் எனக்கு எதிரே இருப்பது யார்?

ஆப் தினமும் காட்டும் ‘இன்றைய சிறந்த பொருத்தம்’ பற்றியும் சொல்ல வேண்டும். ஹிஞ்ச் 2018இல் இதைத் தொடங்கியபோது கேல்–ஷாப்லி முறையை அடிப்படையாகச் சொன்னது. 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு பேர், இரு தரப்பினரை ஜோடி சேர்க்கக் கண்டுபிடித்த கணக்கு அது. ஒரு தரப்பு தனக்கு மிகவும் பிடித்தவரிடம் போய்க் கேட்கும். கேட்கப்பட்டவர், வந்தவர்களில் சிறந்தவரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார். மறுக்கப்பட்டவர் தன் பட்டியலில் அடுத்தவரிடம் போவார். இப்படியே போனால், கடைசியில் தன் இணையை விட்டுவிட்டு ஒருவரோடு ஒருவர் ஓடிப்போக விரும்பும் ஜோடி எதுவும் மிஞ்சாது. 2012இல் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது இந்த வகை வேலைக்குத்தான்.

இந்தக் கணக்கில் ஒரு கிளை உண்டு. போய்க் கேட்கும் தரப்புக்குத்தான், அமையக்கூடியதிலேயே நல்ல இணை அமையும். காத்திருந்து தேர்ந்தெடுக்கும் தரப்புக்கு, அமையக்கூடியதிலேயே கடைசிதான். நிஜ வாழ்க்கையில் யாரிடமும் முழுப் பட்டியல் கிடையாது என்பதெல்லாம் சரி. ஆனாலும் இதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 61 மங்கல் படங்களுக்குப் பணம் கட்டி நான் வாங்கியது காத்திருக்கும் இடத்தைத்தானே? மறுநாளிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறப்பதை விட்டுவிட்டு, நானே முதலில் எழுத ஆரம்பித்தேன். பெண்களே முதலில் எழுத வேண்டும் என்று 2014இல் பம்பிள் ஆரம்பித்தபோது எனக்கு அது விளம்பர உத்தியாகத்தான் பட்டது. அவர்களே 2024இல் அந்த விதியைத் தளர்த்தி, பெண் ஒரு கேள்வியை முன்கூட்டியே போட்டுவைத்தால் ஆண்கள் அதற்குப் பதில் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். அவர்கள் கைவிட்ட நேரத்தில் நான் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் 14 பேருக்கு எழுதினேன், ஆறு பேர் பதில் போட்டார்கள். முதலில் எழுத என் ஆப்பில் சந்தா தேவையில்லை என்பதைக் கவனிக்கவும்.

அந்த ஆறு பேரில் ஒருவரின் பதில்: “மெய்ப்பு பாக்குறவங்களா? உங்களுக்கு எழுதவே பயமா இருக்கு. உங்க வேளை எல்லாம் எப்டி போகுது?”

வேலை இல்லை, வேளை. விரல் திருத்தப் போய்விட்டது. நிறுத்திக்கொண்டேன். இந்தப் பிழையை எந்தப் பட்டனும் எழுதித் தராது.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முகச் சரிபார்ப்பு. கேமரா முன்னால் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி ஒரு குறும் வீடியோ எடுக்க வேண்டும், படங்களோடு ஒத்துப்போனால் பெயர் பக்கத்தில் ஒரு குறி விழும். டிண்டர் 2025இல் கலிபோர்னியாவில் புதிதாகச் சேருபவர்களுக்கு இந்த மாதிரி ஒன்றைக் கட்டாயமாக்கியது. நான் குறி இல்லாதவர்களைப் பார்ப்பதையே நிறுத்தினேன், தலைவலி பாதி குறைந்தது. அதற்கு முன்னால் ஒருவர், பார்க்க அவ்வளவு லட்சணம், இரண்டாம் நாளே வேறு சாட்டுக்கு வரச் சொன்னார், வீடியோ காலுக்கு மூன்று முறை கேமரா கெட்டுப்போனது, நான்காம் நாள் கிரிப்டோ முதலீட்டைப் பற்றிப் பேசினார். ப்ளாக். இப்படிப்பட்ட காதல் மோசடிகளில் அமெரிக்கர்கள் 2023இல் மட்டும் 114 கோடி டாலர் இழந்ததாகப் புகார்கள் வந்திருக்கின்றன என்கிறது எஃப்.டி.சி. கணக்கு.

ஆனால் அந்த வீடியோ எங்கே போய்ச் சேருகிறது என்ற கவலையும் கூடவே இருக்கிறது. ஆண்களைப் பற்றிப் பெண்கள் ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொள்ளத் தொடங்கப்பட்ட ‘டீ’ என்ற ஆப்பிலிருந்து 2025 ஜூலையில் சுமார் 72,000 படங்கள் கசிந்தன. அதில் சுமார் 13,000, தாங்கள் பெண்கள்தான் என்று நிரூபிக்க அவர்கள் கொடுத்த செல்ஃபிகளும் அடையாள அட்டைகளும். பாதுகாப்புக்காகக் கொடுத்ததே வெளியே போனது. என் ஆப்பின் தனியுரிமைப் பக்கத்தில், சரிபார்ப்பு வீடியோவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற வரியைத் தேடிக் கண்டுபிடிக்க 25 நிமிடம் ஆனது. இருந்தது, ஆனால் பிழைத்திருத்தமே தொழிலான எனக்கே 25 நிமிடம்.

மதிப்பெண் வேண்டுமென்றால்: இலவசப் பகுதிக்கு ஐந்துக்கு மூன்றரை, சந்தாவுக்கு ஒன்று. உரையாடல் உதவிக்கு மதிப்பெண் கிடையாது, பரீட்சையில் பிட்டு அடித்தவனுக்குப் போடுவதைத்தான் போடுவேன்.

இந்தத் தொழிலில் என்னமோ கலவரம் என்பது வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. மேட்ச் குழுமத்தில் பணம் கட்டுபவர்கள் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்துகொண்டே வந்திருக்கிறது, 2025இல் ஊழியர்களில் 13 சதவீதம் பேரை அனுப்பினார்கள். பம்பிள் அதே வருடம் 30 சதவீதம் பேரை. ஸ்வைப் செய்து விரல் சலித்துவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு விரல் சலிக்கவில்லை, கண்தான் சலித்தது.

கடைசியாக, சந்தாவை நிறுத்துவது. ஆப்பை ஃபோனிலிருந்து எடுத்துவிட்டால் சந்தா நின்றுவிடாது, இதைப் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அந்தக் கணக்கின் அமைப்புகளுக்குள் போய் நிறுத்த வேண்டும். நான் நேரடியாகத் தளத்தில் கட்டியிருந்தேன், ஐந்து திரைகளைத் தாண்டினேன். இரண்டாவது திரையில் பாதி விலைக்குத் தருகிறேன் என்றது. மூன்றாவதில் ஏன் போகிறீர்கள் என்று கேட்டு ஆறு காரணங்களை அடுக்கியிருந்தது. ‘ஒருவரைச் சந்தித்துவிட்டேன்’ என்பது கடைசியில் இருந்தது. அதைத் தொட்டதும், ‘வாழ்த்துகள்! எதற்கும் கணக்கை நிறுத்திவைத்துக்கொள்ளலாமே?’ என்றது. நான்காவதில் மறுபடி அந்த மங்கல் படங்கள், இந்த முறை 17.

ஐந்தாவதில் ‘நீக்கு’ என்ற சொல் சாம்பல் நிறத்தில், மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. தொட்டேன்.

இன்று மதியம் ஃபோனில் சாதாரண மெசேஜ் ஒன்று வந்தது. “இன்னிக்கு வேளை எத்தனை மணிக்கு முடியும்?” ஆறு மணிக்கு என்று போட்டேன்.