ஆலிகோ வளர்க்குற ரெடிமேட் கிட்: முதல் பாதி சூப்பர், ரெண்டாவது பாதி சொதப்பல்

ஐபிஎஸ் செல்லுல (தோல், ரத்தம் மாதிரி சாதா செல்லைத் திருப்பி ஸ்டெம் செல்லா மாத்தினது) இருந்து ஆலிகோடென்ட்ரோசைட், சுருக்கமா ஆலிகோ, வளர்க்க ஒரு கிட் வாங்கி லேப்ல ரெண்டு தடவை முழுசா ஓட்டிப் பாத்தாச்சு. கம்பெனி பேரு வேணாம். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (எம்எஸ்) நோய்ல நரம்பு இழை மேல இருக்கிற மைலின் உறை உரிஞ்சு போகுதுல்ல, மூளைலயும் தண்டுவடத்துலயும் அதை திரும்பச் சுத்த வேண்டியது இந்த ஆலிகோ தான், அதனால இந்த செல்லுக்கு இப்ப அவ்ளோ கிராக்கி.

முன்னாடி எல்லாத்தையும் நாங்களே கலப்போம், ரெட்டினாயிக் ஆசிட், எஸ்ஏஜி, பிடிஜிஎஃப், டி3 ஹார்மோன்னு ஒண்ணொண்ணா அளந்து போட்டு 75 நாள், அதுக்கு மேலயும் உக்காந்திருக்கணும், நடுவுல ஒரு நாள் மீடியா (செல் வளர்ற சத்து திரவம்) மாத்த மறந்தா போச்சு, அழுகையே வரும். கிட்ல அந்த தலைவலி இல்ல. ஸ்டேஜ் வாரியா பாட்டில் குடுத்துடுறாங்க, செல் ஆலிகோ பக்கம் திரும்புதுன்னு காட்டுற ஆலிக்2 அழகா ஏறுது, ரெண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்துச்சு. இதுக்கு மட்டும்னா அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன்.

பிரச்சனை அதுக்கப்புறம் தான். ஆலிகோ முதிர ஆரம்பிச்சதைக் காட்டுற ஓ4 ஸ்டெயின்ல ஓரளவு செல் தெரியுது சரி, ஆனா மைலின் புரதமான எம்பிபி பாத்தா அங்கொண்ணு இங்கொண்ணு, பிளேட் பூரா நமக்கு வேண்டாத ஆஸ்ட்ரோசைட்ங்கிற வேற வகை மூளை செல் பாய் விரிச்சு படுத்திருக்கு. பெட்டி மேல "முதிர்ந்த ஆலிகோ"ன்னு பெருசா போட்டிருக்கு, உள்ள வந்ததுல முக்காவாசி இன்னும் முதிராத முன்னோடி செல்லு தான். எவ்ளோ நெருக்கமா செல் விதைக்கணும்னு மேனுவல்ல ஒரே ஒரு வரி, ஆனா விளைச்சலே அதுல தான் இருக்கு. ரெண்டாவது தடவை ஒரு சப்ளிமென்ட் வழியிலயே உருகி வந்துச்சு, மெயில் போட்டா வேற மாத்திக் குடுத்தாங்க, லேட்டா.

அவசரம்னா சாக்ஸ்10, ஆலிக்2, என்கேஎக்ஸ்6.2ங்கிற மூணு ஜீனையும் செல்லுக்குள்ள ஏத்துற முறை இருக்கு, 2017ல வந்த பேப்பர்ல 28 நாள்லயே ஓ4 செல் நிறைய காட்டினாங்க. ஆனா அவங்க ஜீனை வைரஸ் வச்சு ஏத்துறாங்க, நோயாளிக்குப் போடுற செல்லுன்னா அது வேற பஞ்சாயத்து.

இன்னொண்ணு, ஓ4 வந்துடுச்சுன்னு துள்ளாதீங்க. செல் நிஜமாவே மைலின் சுத்துதான்னு பாக்க ஷிவரர் எலி தான் சரியான சோதனை, அதுக்கு சொந்தமா எம்பிபி கிடையாது, அதனால எம்பிபியோட மைலின் தெரிஞ்சா அது நாம போட்ட செல்லோடது தான். 2013ல ஸ்டீவன் கோல்ட்மேன்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு ஐபிஎஸ்ல இருந்து வளர்த்த முன்னோடி செல்லை அந்த எலிக் குட்டிக்குப் போட்டு மைலின் வந்ததையும், எலி கூடுதல் நாள் உயிரோட இருந்ததையும் காட்டினாங்க. அதுவும் முன்னோடி செல் தான் பாருங்க, முதிர்ந்ததை ஒட்ட வைக்கிறது கஷ்டம். எலி இல்லாதவங்க நானோஃபைபர் தட்டுல, அதாவது நரம்பு இழைக்குப் பதிலா மெல்லிசான செயற்கை இழை வச்ச தட்டுல, சுத்துதான்னாவது பாருங்க.

வீட்ல யாருக்காவது எம்எஸ் இருந்து தேடி இங்க வந்திருந்தா, இது சிகிச்சை இல்லங்க, பெட்டிலயே ஆராய்ச்சிக்கு மட்டும்னு இருக்கு. மாறாத ஸ்டெம் செல் கொஞ்சம் மிச்சமிருந்தாலே உடம்புக்குள்ள கட்டியாகலாம், அதை வடிகட்ட இந்த கிட்ல ஒண்ணும் இல்ல.

அடுத்த தடவை முதல் ஸ்டேஜ் பாட்டில் மட்டும் தனியா தருவாங்களான்னு கேட்டிருக்கேன், முதிர வைக்கிற மீடியாவை பழையபடி நானே கலந்துக்கிறேன்.