பால் பாயிண்ட் பேனாவும் ஏ3 தாளும்: டிசைன் படிப்பு முழுக்கக் கூட வந்தவை

அன்றாடப் பொருள்களை வடிவமைக்கக் கற்றுத்தரும் ப்ராடக்ட் டிசைன் படிப்பில் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே சீனியர்களிடம் கேட்பது, "என்னென்ன வாங்கணும்?" என்பதுதான். நான் இப்போது இறுதியாண்டு. சேர்ந்ததிலிருந்து இன்றுவரை கையில் புழங்கியவை ரெனால்ட்ஸ் 045 பேனா, கட்டுக் கட்டாக ஏ3 தாள், ஆல்கஹால் மார்க்கர்கள், ஐபேடும் அதன் பென்சிலும், அப்புறம் தாள்களைக் குத்தி வைக்கும் சாஃப்ட்போர்டு. வாங்கிய வாரத்திலேயே பெட்டியைப் பிரித்துக் காட்டிப் பேசுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் புழங்கிய பிறகு எது யோசனையை வளர்த்தது, எது படத்தை மட்டும் அழகாக்கியது என்று சொல்பவர்கள் குறைவு. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் பேனா. வெள்ளை உடல், நீல மூடி. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எழுதிய அதே பேனாதான். பத்து ரூபாய் அளவில் கிடைக்கும் இந்தப் பேனா ஸ்கெட்ச் போடுவதற்கு ஏன் இவ்வளவு பொருத்தம் என்பது கொஞ்ச நாள் வரைந்த பிறகுதான் கைக்குப் பிடிபடும். இதன் மை எண்ணெய்ப் பசை கொண்ட கெட்டியான மை. லேசாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சாம்பல் கோடு விழும். அழுத்தினால் கருநீலக் கோடு. ஜெல் பேனாவிலோ மெல்லிய முனை கொண்ட ஃபைன்லைனரிலோ இந்த ஏற்ற இறக்கம் வராது. தொட்ட இடத்தில் ஒரே அடர்த்தியில் மை இறங்கிவிடும். பென்சிலில் வரும், ஆனால் கை பட்டால் தாள் முழுக்க ஈஷிக்கொள்ளும், ரப்பரும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பால் பாயிண்டில் ரப்பருக்கு வேலை இல்லை. தவறிப்போன கோட்டின் பக்கத்திலேயே அடுத்த கோட்டைப் போட்டுவிட்டு, சரியானதை மட்டும் அழுத்திவிட வேண்டியதுதான். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல அந்த மெல்லிய கோடுகள் அடியில் கிடந்துவிட்டுப் போகட்டும். படம் முடிந்ததும் அவை யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொள்கிறேன். நான் அதிகம் வரைந்த பொருள் அதுதான், காரணம் பின்னால் வரும். முதலில் செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு. அது குடத்தின் அச்சு. வாய், கழுத்து, வயிறு, அடி என்று நாலு நீள்வட்டங்கள் அந்த அச்சில் கோத்து நிற்க வேண்டும். ஒவ்வொரு நீள்வட்டத்தின் குறுகிய அச்சும் அந்த நடுக்கோட்டின் மேலேயே படிய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் குடம் யாரோ மிதித்து நசுங்கியதுபோல் தெரியும். நின்றபடி கீழே பார்க்கிறோம் என்றால், கண் மட்டத்துக்கு அருகில் இருக்கும் வாய் ஒடுங்கித் தெரியும். கீழே போகப் போக நீள்வட்டம் திறந்துகொண்டே போகும். கண்ணுக்கு மறைந்த பின்பாதியையும் சேர்த்தே வரைய வேண்டும். இதே குடத்தை ஒரு பெண்ணின் இடுப்பில் வைத்து வரைவதென்றால் அச்சுக்கோடு சாய்கிறது, நாலு நீள்வட்டங்களும் கூடவே சாய்கின்றன. இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு பத்தி. கையில் வருவதற்கு ஒரு செமஸ்டர் ஓடிவிடும். அந்த செமஸ்டர் முழுக்க மலிவான பேனாவும் மலிவான தாளும் இருந்ததால்தான் கை தயங்காமல் ஓடியது.

குறை இல்லாமல் இல்லை. சென்னை மே மாத வெயிலில் பையில் கிடக்கும் பேனாவின் முனையில் மை திரண்டு நிற்கும். நீள்வட்டத்தைச் சுற்றி முடிக்கும் இடத்தில் பொட்டென்று ஒரு புள்ளி விழும். பக்கத்தில் ஒரு கழிவுத் தாள் வைத்து முனையைத் துடைத்துத் துடைத்து வரைய வேண்டும். சீக்கிரமே அது பழக்கமாகிவிடுகிறது. இன்னொன்று, பால் பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரையும். கோடு போட்டுவிட்டு மேலே ஆல்கஹால் மார்க்கர் ஓட்டினால் நீலம் இழுபட்டு மார்க்கர் முனையும் அழுக்காகும். மார்க்கரை முதலில் போட்டு, காயவிட்டு, பிறகு பேனாவால் கோடு போடுவது ஒரு வழி. இல்லாவிட்டால் சகுரா நிறுவனம் 1982இல் கொண்டுவந்த பிக்மா வகை நிறமி மைப் பேனாக்கள் இருக்கின்றன. காய்ந்த பிறகு மார்க்கர் பட்டாலும் கோடு அசையாது. மெல்லியது, அழுத்தமானது என்று ஒரே பேனாவில் வராது என்பதால் இறுதித் தாளுக்கு மட்டும் அவற்றை எடுக்கிறேன்.

தாளுக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே காகித மொத்த வியாபாரிகள் வரிசையாக இருக்கும் தெரு அது. 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 75 கிராம் எடை) ஏ3 தாள், 500 தாள் கொண்ட ரீமாக வாங்கி நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வோம். தைத்த ஸ்கெட்ச்புக் எனக்கு ஒத்துவரவில்லை என்று வெளிப்படையாகவே சொல்வேன். கெட்டி அட்டை, தந்த நிறத் தாள், ரப்பர் பட்டை என்று அழகாக இருக்கும். அந்த அழகே கையைக் கட்டிப்போடும். நல்ல பக்கம் கெட்டுவிடுமோ என்று யோசிக்கிற நேரத்தில் நாலு யோசனை நழுவிவிடும். உதிரித் தாள் என்றால் பயம் இல்லை. தரையில் பரப்பலாம், வரிசை மாற்றலாம், ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்து அடுத்த வடிவத்தை நகல் எடுத்துத் திருத்தலாம். கடைசியில் சொன்னது முக்கியம். மெல்லிய தாளாக இருந்தால்தான் அடியில் இருக்கும் கோடு தெரியும். நவம்பர் மழையில் தாள்கள் ஈரம் உறிஞ்சி அலை அலையாக நெளியும், அதற்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர் வேண்டும்.

மார்க்கர் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதற்குக் கிடைக்கும் மரியாதை அதன் உபயோகத்தைவிடப் பெரியது. ஜப்பானின் காப்பிக் 1987இலிருந்து வருகிறது; மையை நிரப்பிக்கொள்ளலாம், தேய்ந்த முனையை மாற்றலாம். விலைதான் மாணவர்களுக்கு எட்டாது. மலிவான செட்டுகளில் மை தீர்ந்தால் பேனாவே தீர்ந்தது. எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் 75 ஜி.எஸ்.எம். தாளில் மறுபக்கம் ஊறும். அடியில் பழைய தாள் வைக்காவிட்டால் மேசையில் ஏறும். நிழல் எங்கே விழுகிறது, வளைவு எங்கே திரும்புகிறது என்று காட்டச் சாம்பல் நிறங்களே போதும். என் செட்டில் மூடி இறுகாமல் காய்ந்துபோன வண்ணங்கள் இன்னும் டப்பாவில் கிடக்கின்றன, சாம்பல் நிறங்களை மட்டும் திரும்பத் திரும்ப வாங்குகிறேன்.

ஐபேடைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ப்ரோக்ரியேட் என்ற வரையும் செயலி 2011இல் வந்தது, ஆப்பிள் பென்சில் 2015இல் வந்தது; நாங்கள் கல்லூரிக்கு வரும்போது இரண்டும் ஊறிப்போன சாதனங்கள். ஒரே உடலை வைத்துக்கொண்டு பத்து விதமான கைப்பிடி போட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. உடல் ஒரு லேயரில், அதாவது கண்ணாடித் தாள்போன்ற ஓர் அடுக்கில், கைப்பிடி இன்னொரு லேயரில். நிறம் மாற்றிப் பார்க்க ஒரு தட்டு. இரவு பதினொரு மணிக்கு ஆசிரியருக்கு அனுப்பவும் முடியும். ஆனால் புதிய வடிவத்தைத் தேடும் வேளையில் நான் இதைத் தொடுவதில்லை. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிக்கொண்டே போகும்போது மொத்த உருவத்தின் விகிதம் மறந்துபோகிறது. மூடியின் திருகுமரை அழகாக வரும், குடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பின்னோக்கிப் போகும் பொத்தான் இருப்பதால் கை ஒரே கோட்டையே ஏழெட்டு முறை போடும். பழைய கோடுகள் காணாமல் போய்விடுகின்றன. தாளில் அவை நிற்கும். மூன்று வாரம் கழித்து அவற்றில் ஒன்றுதான் விடையாகவும் இருக்கும்.

இனி உந்துதல். படம் தேடிச் சேர்ப்பதையே உந்துதல் என்று நினைக்கும் வழக்கம் எங்கள் துறையில் ஆழமாக வேரோடியிருக்கிறது. படங்களைச் சேர்த்துவைக்கும் பின்டரெஸ்ட் தளத்தில் தண்ணீர் பாத்திரம் என்று தேடினால் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரியான வெண்பீங்கான் ஜாடிகள்தான் வரும். எல்லோருடைய மூட்போர்டும், அதாவது சேர்த்த படங்களை ஒட்டிவைக்கும் பலகையும், ஒரே நிறத்தில் இருக்கும், பிறகு எல்லோருடைய வடிவங்களும் ஒன்றுபோலவே வரும். எனக்குக் கதவைத் திறந்தது வேறொன்று. இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்த அறிக்கையில் அவர்கள் இந்தியாவில் பார்த்து வியந்த பொருள்களிலேயே மிக அழகானதாக நம்ம ஊர்ச் செம்பை வைக்கிறார்கள். அதோடு நிற்காமல் செம்பைப் பார்த்துக் கேள்விகளாக அடுக்குகிறார்கள்: எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், தூக்கும் கைகள் எப்படிப்பட்டவை, தலையிலா இடுப்பிலா எதில் சுமப்பார்கள், நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கும், காலியாக இருக்கும்போது எங்கே நிற்கும். இதை யாரோ ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு வந்த வடிவம் என்றும் சொல்கிறார்கள். இதைப் படித்த பிறகு எனக்கு மூட்போர்டு என்பது கேள்விப் பட்டியலாக மாறிவிட்டது.

அந்தக் கேள்விகளோடு குடத்தைப் பார்த்தால் அது வேறு பொருளாகிவிடுகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது தெருவெல்லாம் வரிசைகட்டி நின்ற அதே குடம். மண்பானைக்கு அடி உருண்டை. நிற்க வைக்கப் புரிமணை வேண்டும், தலையில் ஏற்றச் சும்மாடு வேண்டும். பிளாஸ்டிக் குடத்துக்குத் தட்டையான அடி, தானே நிற்கும். ஆனாலும் வயிறும் கழுத்தும் பழைய வடிவத்தை விடவில்லை, ஏனென்றால் இடுப்பு மாறவில்லை. முழங்கை வளைவுக்குள் கழுத்து உட்காருகிறது, வயிறு இடுப்பெலும்பின் மேல் சாய்கிறது. சூடான பிளாஸ்டிக் குழாயை அச்சுக்குள் வைத்துக் காற்றை ஊதிச் செய்யும் முறைக்கும் இந்த உருண்டை வசதிதான்; கூர்மையான மூலை இருந்தால் பிளாஸ்டிக் அங்கே இழுபட்டு மெலிந்துவிடும். குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு கோடு தெரியும், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்து குழாயைக் கடித்து மூடிய இடம். அது பலவீனமான இடம். பழைய குடங்களில் சூட்டுக்கோல் வைத்து ஒட்டுப் போட்டிருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். எழும்பூர் அருங்காட்சியகத்திலும் முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் உட்கார்ந்து பாத்திரங்களை வரைந்திருக்கிறேன், அதுவும் நல்ல பயிற்சிதான். ஆனால் குழாயடியில் நின்று வரைந்த தாள்கள் அளவுக்கு அவை எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

யோசனையை அடுத்தவர் முன் வைப்பதில்தான் இந்தக் கருவிகளின் வேறுபாடு முழுசாகத் தெரிந்தது. லாரித் தண்ணீரை வீடுவரை கொண்டுபோக ஒரு சின்னத் தள்ளுவண்டி, அதுதான் என் ப்ராஜெக்ட். ஒரே யோசனையை இரண்டு விதமாகத் தெருவுக்குக் கொண்டுபோனேன். ஒன்று நிழல், பளபளப்பு எல்லாம் வைத்து டேப்லெட்டில் முடித்த படம். அதைப் பார்த்த அக்கா, "நல்லா இருக்கும்மா, என்ன விலை?" என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை வண்டி செய்து முடித்தாகிவிட்டது, சொல்ல இனி என்ன இருக்கிறது? இன்னொன்று பால் பாயிண்டில் கிறுக்கிய ஏ3 தாள். அதைப் பார்த்த இன்னொரு அக்கா கேட்காமலே பேனாவை வாங்கி, சக்கரத்துக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தார். "எங்க வீட்டு வாசப்படி இவ்ளோ ஒசரம். இது எப்படி ஏறும்?" அப்புறம் பக்கத்தில் நின்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். குடத்தை வண்டியிலிருந்து இறக்கும்போது குனிய முடியாது என்றார் ஒருவர். சந்தில் எதிரே பைக் வந்தால் எங்கே ஒதுங்குவது என்றார் இன்னொருவர். என் ப்ராஜெக்ட்டின் திசையே அந்தத் தாளின் ஓரத்தில்தான் மாறியது.

படத்தின் முடிப்பு எந்த அளவுக்கு இருக்கிறதோ, அதற்கேற்ற பதில்தான் வரும். எங்கள் வேலையை மதிப்பிடும் கல்லூரி ஜூரியிலும் இதே கதைதான். மூன்று யோசனைகளை வைத்து அதில் ஒன்றை மட்டும் வண்ணம் தீட்டிக் கொண்டுபோனால், ஜூரி படத்தைத் தேர்ந்தெடுப்பார்களே தவிர யோசனையைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். மூன்றையும் ஒரே பேனா, ஒரே அளவு, ஒரே கோணத்தில் வரைந்தால்தான் பேச்சு யோசனைக்கு வரும். சில இடங்களில் கிறுக்கலுக்கு மதிப்பில்லை என்பதும் உண்மை. பயிற்சிக்குப் போன ஓர் அலுவலகத்தில் முதல் கூட்டத்திலேயே முடித்த படம் கேட்டார்கள். கொடுத்தோம், அதன் நிறத்தைப் பற்றியே கூட்டம் முடிந்துபோனது.

ஸ்லைடா, சுவரா என்றால் நான் சுவர்ப் பக்கம். ஸ்லைடு ஒன்று வந்தால் முந்தையது போய்விடும். சாஃப்ட்போர்டில் தாள்கள் வரிசையாக இருந்தால், ஐந்தாவது தாளில் நிற்கும் ஆசிரியர் இரண்டாவது தாளைக் காட்டி, "இதை ஏன் விட்டுட்ட?" என்று கேட்க முடியும். அந்தக் கேள்விக்காகவே சுவர். தாளில் எழுதும் எழுத்து மூன்றடி தள்ளி நின்றாலும் படிக்கும்படி இருக்க வேண்டும். அளவு புரிய ஒவ்வொரு படத்திலும் ஒரு கையாவது ஒரு குடமாவது கூட இருக்க வேண்டும். பேசத் தொடங்கும்போது வண்டியைப் பற்றிப் பேசாமல் அந்த வாசப்படியைப் பற்றிப் பேசுங்கள். படி எவ்வளவு உயரம், சந்து எவ்வளவு அகலம், நிறைகுடம் எவ்வளவு கனம் என்று டேப் பிடித்து, தராசில் வைத்து எடுத்த அளவுகளோடு தொடங்கினால் கேட்பவர்கள் தாங்களாகவே தாளுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

முதலாண்டுக்கு என்ன வாங்கலாம் என்றால்: ஒரு டப்பா பால் பாயிண்ட், நண்பர்களோடு பங்கு போட்டு ஒரு ரீம் ஏ3, நின்றபடி வரைய ஒரு கிளிப் வைத்த அட்டை, ஒரு இன்ச் டேப். மார்க்கரை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். அப்போதும் செட்டாக வேண்டாம், வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று சாம்பல் நிறங்களை உதிரியாக வாங்குங்கள். டேப்லெட்டுக்கு வீட்டில் கடன் வாங்க வைக்க வேண்டிய அவசியம் முதல் இரண்டு ஆண்டுகளில் நிச்சயமாக இல்லை. கல்லூரி லேபில் இருப்பதே போதும்.